நாலாம் விதியும் ஜெயரட்ணம் அண்ணையும்

ஜெயரட்ணம் அண்ணைக்கு இரண்டு பெயர்கள் உண்டு. மிசிசாகாவில் நாங்கள் வேலை செய்யும் வெயர்ஹவுஸில் அவர் ‘ஜே’. உச்சித் தட்டிலிருந்து முட்டைப் பெட்டிகள் அடுக்கிய பலகையை, ‘ரீச் றக்’ என்கிற பாரந்தூக்கி வண்டியால் ஒரு முட்டைகூடக் கீறாமல் இறக்கித் தருகிற ஜே. ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் ‘தலைவர்’. யாழ்ப்பாணத்து எங்கள் ஊர்ச் சங்கமான கொன்றையடி மக்கள் ஒன்றியம் கனடாவின் தலைவர். பதினாறு வருடமாக அவர்தான்.

இரண்டில் எது அவருக்குப் பிடித்த பெயர் என்று கேட்கத் தேவையில்லை. ‘ஜே’ என்று கூப்பிட்டால் கையை உயர்த்துவார். ‘தலைவர்’ என்று கூப்பிட்டால் சேர்ட்டை இழுத்துவிட்டுக்கொண்டு திரும்புவார்.

1988இல், இருபத்துநாலு வயதில், ஒரு சின்னப் பையோடு மொன்றியலில் வந்து இறங்கியவர். ரொறன்ரோவுக்கு வந்து கோப்பை கழுவினார், விடிய எழும்பிப் பேப்பர் போட்டார், ஸ்காபரோவில் ஒரு அப்பார்ட்மென்ரில் எட்டுப் பேரோடு படுத்தெழும்பினார். சந்திரவதனா அக்காவைக் கலியாணம் செய்து, அட்சயா பிறந்து, பிறம்ரனில் வீடு வாங்கினார். இடையில் 2003இல், ஒரு பேஸ்மன்ரில் பதினொரு பேர் கூடிச் சங்கத்தைத் தொடங்கியபோது அதன் விதிகளைக் கொப்பியில் கைப்பட எழுதியவரும் அவர்தான். மொத்தம் பன்னிரண்டு விதிகள். நாலாவது விதி இது: கொன்றையடியில் பிறந்தவர் மட்டுமே உறுப்பினர்.

கலியாணம் கட்டி வந்தவர்கள், இங்கே பிறந்த பிள்ளைகள் எல்லோரும் ‘விருந்தினர்’. விருந்தினர் வரலாம், சமைக்கலாம், சாக்கோட்டம் ஓடலாம், பாடலாம். வாக்குப்போட முடியாது. இன்னொன்றும் உண்டு. உறுப்பினர் ஒருவர் இறந்தால் ஒன்றியத்தின் மஞ்சள் மலர்வளையம் போகும். சவப்பெட்டிக்குப் பக்கத்தில், ஊர்ப்பெயர் எழுதிய நாடாவோடு அது நிற்கும். இந்த ஊரில் ஒரு செத்தவீட்டுக்குப் போனால் சனம் முதலில் பார்ப்பது எந்தச் சங்கத்து வளையம் வந்திருக்கிறது என்பதைத்தான். விருந்தினருக்கு வளையம் கிடையாது.

எழுதிய நாளில் அந்த விதிக்கு ஒரு நியாயம் இருந்தது. ஊர் சிதறிப்போய், ஆர் எங்கே என்று தெரியாத காலம். “எங்கட ஆக்களைக் கண்டுபிடிக்கத்தான் சங்கம். அதுக்கு முதல் ஆர் எங்கட ஆக்கள் எண்டு எழுதிவைக்க வேணும்” என்பது அவருடைய வாதம். ஆக்களைக் கண்டுபிடித்து முடிந்து பல வருடமாகிவிட்டது. விதி மட்டும் அப்படியே இருந்தது.

வருடம் தவறாமல் ஐப்பசி மாதப் பொதுக்கூட்டத்தில் கிருபன் எழும்பி நாலாம் விதியை மாற்றவேண்டும் என்பார். கிருபன் ஆறு வயதில் கொன்றையடியை விட்டு வந்தவர், வீடு விற்கும் ஏஜென்ற், ஸ்ரௌவ்வில்லில் இருக்கிறார். ஜெயரட்ணம் அண்ணை பதில் சொல்வார். நாற்பது கைகள் கிருபனுக்கும் ஐம்பத்தாறு கைகள் அண்ணைக்கும் உயரும். வீட்டு முற்றத்தில் பழைய சாமான் விற்கும் யாட் சேலில் வாங்கிய பித்தளை மணியை அண்ணை ஒருமுறை அடிப்பார். பிறகு ரோல்ஸும் ரீயும்.

“அப்பா, நீங்கள் கேற்ரைப் பூட்டிக்கொண்டு நிக்கிறியள். வெளியிலை ஒருத்தரும் லைன்ல நிக்கேல்லை” என்று அட்சயா ஒருமுறை சொன்னாளாம். அவளும் விருந்தினர்தான். அண்ணை சிரித்துவிட்டு விட்டாராம்.

நானும் கொன்றையடியில் பிறந்தவன். எங்கள் பரம்பரையில் முதல் பட்டதாரி. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் வரலாறு சிறப்புப் பட்டம், இரண்டாம் வகுப்பு மேற்பிரிவு. பட்டமளிப்பு அன்று அப்பா வெங்காயத் தறைக்குத் தண்ணீர் இறைப்பதைப் பாதியில் நிறுத்திவிட்டு, கால்மண் கழுவி வந்து முன்வரிசையில் இருந்தார். கனடாவுக்கு வந்தபின் அந்தப் பட்டத்தைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை. வெயர்ஹவுஸில் கேட்டது சப்பாத்து அளவை மட்டும்தான். என்னிடம் கார் இல்லாததால் காலைச் சிஃப்ற்ருக்கு ஜெயரட்ணம் அண்ணையே என்னை ஏற்றிக்கொண்டு போவார்.

2024 சித்திரையில் ஒரு நாள், நானூற்றிப்பத்து ஹைவேயில் போய்க்கொண்டிருந்தபோது ஒரு பொலிஸ் கார் எங்களைக் கடந்து போனது. பக்கத்தில் பெரிதாகப் ‘பீல்’ என்று எழுதியிருந்தது. மிசிசாகாவும் பிறம்ரனும் அடங்கிய பிராந்தியத்தின் பெயர் அது. அண்ணை வேகத்தைக் குறைத்துக்கொண்டு கேட்டார்.

“தம்பி நிதுசன், உந்தப் பீல் எண்டது ஆர்? இருபது வருசமாப் பீலிலைதான் இருக்கிறன். குப்பை வாளியிலையும் பீல், தண்ணி பில்லிலையும் பீல். நான் ஏதோ பழைய பொலிஸ்காரன்ரை பேராக்கும் எண்டு நினைச்சன்.”

“பாதி சரி அண்ணை. பொலிஸை உண்டாக்கினவர். லண்டன் பொலிஸை.”

“உமக்கெப்பிடித் தெரியும்?”

“படிச்சனான்.”

சொல்லும்போது குரல் கொஞ்சம் உயர்ந்துதான் விட்டது. கனடாவுக்கு வந்து என் பட்டத்துக்குக் கிடைத்த முதல் கேள்வி அது.

றொபேட் பீலின் கதையை வேலைக்குப் போகிற வழியில் துண்டு துண்டாகச் சொன்னேன். துணியாலை முதலாளி வீட்டுப் பிள்ளை. ஒக்ஸ்போர்ட்டில் கணிதத்திலும் பழைய மொழிகளிலும் முதல் வகுப்பு. இருபத்தொரு வயதில் பாராளுமன்றம். பழமையைக் காப்பவர்களின் கட்சி. 1829இல் லண்டனுக்கு ஒழுங்கான பொலிஸ் படை. இன்றைக்கும் அங்கே பொலிஸ்காரரைப் ‘பொபி’ என்பது அவருடைய செல்லப்பெயரால்தான்.

“ஆள் சரியான ஆள்தான்” என்றார் அண்ணை. “ஒழுங்கு தெரிஞ்ச மனுசன்.”

அடுத்த நாள் கத்தோலிக்கரின் கதை. அந்தக் காலத்தில் பிரித்தானியாவில் கத்தோலிக்கர் பாராளுமன்றத்தில் இருக்க முடியாது. அந்தக் கதவைத் திறக்கக் கூடாதென்று பல வருடமாக வாதாடியவர்களில் முன்னுக்கு நின்றவர் பீல்.

“விதி எண்டால் விதிதானே” என்று அண்ணை தலையாட்டினார். “நிண்டிருக்கிறான் மனுசன்.”

“நிண்டவர் அண்ணை. பேந்து 1829இலை அவரே எழும்பி அந்தக் கதவைத் திறந்துவிட்டவர்.”

அண்ணை கண்ணாடியில் பின்னால் பார்த்தார், ஏதோ கார் இடிக்க வருவதுபோல. “ஆர்? அவரோ?”

“அவர்தான். அயர்லாந்து எரியப்போகுது, இனிப் பூட்டி வைக்கேலாது எண்டு கண்டவர்.”

“அப்ப உவன் பிரட்டல்காரன்.” சிக்னலைப் போட்டு ஹைவேயிலிருந்து இறங்கினார். “இவ்வளவு நாளும் பின்னாலை நிண்ட சனத்துக்கு என்ன பதில்? விடும் தம்பி. உந்த ஆளின்ரை கதை காணும், இனி வேண்டாம்.”

அதற்குப் பிறகு இரண்டு மாதத்துக்கு மேலாக எங்கள் காரில் பீல் இல்லை. ஐஸ் ஹொக்கியும் காலநிலையும்தான்.

ஆடி மாதம் ஒரு சனிக்கிழமை கோடை ஒன்றுகூடல் வந்தது. பெரிய பார்க் ஒன்றில், மரங்களுக்குக் கீழே, நாலு கேஸ் அடுப்பு வைத்து, பனங்கிழங்கு மாவில் நண்டும் இறாலும் போட்டு ஒடியற் கூழ் காய்ச்சினார்கள். காய்ச்சுவது புஸ்பராணி அக்கா. மட்டக்களப்புப் பக்கம் பிறந்தவர், கொன்றையடி றமேஸ் அண்ணையைக் கட்டி இருபத்தொரு வருடம். டேகெயாரில் வேலை. கூழ் காய்ச்சப் பழகியதே கலியாணத்துக்குப் பிறகுதான். ஆனால் எங்கள் ஊர்க் கூழின் உறைப்பும் புளியும் இப்போது அவருடைய கையில்தான் இருக்கிறது. ஊர்ச் சுவைக்குக் காவல் நிற்கும் பொன்னம்பலம் ஐயா, எழுபத்துநாலு வயது, அன்று மூன்று கோப்பை குடித்தார்.

தலைவர் என்றபடியால் அண்ணைக்கு முதல் மேசையில் இடம். அடுப்படிக்கு அவரை விடமாட்டார்கள். அன்றைக்கு என்னவோ எழும்பி அடுப்படிக்கு வந்தார், நல்ல வார்த்தை சொல்ல.

“புஸ்பராணி, கூழ் திறம்.”

புஸ்பராணி அக்கா அகப்பையை விடாமல் நிமிர்ந்தார். “தலைவர், ஒண்டு கேக்கவா?”

“கேளும்.”

“வைகாசியில ஸ்ரௌவ்வில்ல ஒரு பிள்ளை செத்துப்போனது. உங்கட ஊர் மருமகள். வளையம் வரல்ல. நான் அங்கதான் நிண்டன். அவளுட புருசன் வாசலப் பாத்துக்கொண்டே நிண்டான். நான் செத்தா வளையம் வருமா, வராதா? வராட்டி இப்பவே சொல்லுங்க. மறுகா இவரும் அப்பிடி வாசலப் பாத்துக்கொண்டு நிக்கக் கூடா.”

‘பிறகு’ என்பதற்கு மட்டக்களப்பார் சொல்லும் ‘மறுகா’வைக் கேட்டு யாரோ வழக்கம்போலச் சிரித்தார்கள். றமேஸ் அண்ணை “சும்மா இரும் அப்பா” என்றார். புஸ்பராணி அக்காவுக்குக் கோபம் ஏதும் இல்லை. கடையில் இறால் இருக்கிறதா என்று கேட்பதைப் போலத்தான் கேட்டார்.

“விதியிலை...” என்று அண்ணை தொடங்கினார்.

அதற்கு மேல் வரவில்லை. பதினாறு வருடமாகக் கிருபனுக்கு எழும்பி நின்று பதில் சொன்ன மனிதர். கூழ்க் கோப்பையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

“குடிங்க, ஆறுது” என்றார் புஸ்பராணி அக்கா.

திங்கட்கிழமை காரில் ஏறியதும் அண்ணை ரேடியோவை நிறுத்தினார்.

“உவர் பீல். மிச்சக் கதையைச் சொல்லும்.”

“காணும் எண்டீங்கள்?”

“சொல்லும் எண்டுறன்.”

தானியச் சட்டத்தின் கதையைச் சொன்னேன். வெளிநாட்டுத் தானியம் மலிவாக உள்ளே வராமல் வரி போட்டிருந்தார்கள். நிலம் வைத்திருந்த பெரியவர்களுக்கு அது நல்லது. பாண் வாங்கும் ஏழைக்குக் கெட்டது. பீலின் கட்சியே நிலக்காரரின் கட்சி. அந்தச் சட்டத்தைக் காப்பாற்றத்தான் அவரைப் பிரதமராக்கினார்கள். ஒரு நாள் எதிர்ப்பக்கத்தில் ஒருவர் எழும்பி அந்தச் சட்டத்துக்கு எதிராகப் பேசினார். பதில் சொல்வதற்காகப் பீல் குறிப்பு எடுத்துக்கொண்டு இருந்தார். எழுதிக்கொண்டே வந்தவர் நடுவில் தாளைக் கசக்கிவிட்டு, பக்கத்தில் இருந்தவரிடம், இதற்கு நீ பதில் சொல், என்னால் முடியாது என்றாராம்.

அண்ணை முன்னால் போன கொன்ரெயினர் லொறியைப் பார்த்துக்கொண்டே ஓட்டினார்.

“எனக்கு அந்த இடம் தெரியும்” என்றார். “சனிக்கிழமை நான் அதிலைதான் நிண்டனான்.”

லொறியை முந்திய பிறகு கேட்டார்.

“பேந்து என்ன செய்தவர்?”

“1846இலை அவரே அந்தச் சட்டத்தை எடுத்துப்போட்டவர். எதிர்க்கட்சி முழுக்க அவருக்கு வோட். சொந்தக் கட்சியிலை மூண்டிலை ரெண்டு பங்கு எதிர். சட்டம் கடைசியாப் பாஸான அதே நாள், வேறையொரு விசயத்திலை, அவற்றை ஆக்களே எதிர்க்கட்சியோடை சேர்ந்து அவரை விழுத்திப்போட்டினம்.”

“ஒரே நாளிலையோ?”

“ஒரே நாளிலை.”

“பேந்து?”

“திரும்பப் பதவிக்கு வரேல்லை. நாலு வருசத்தாலை குதிரையாலை விழுந்து செத்துப்போனார்.”

“அப்ப ரீச் றக்கிலை நான் கவனமா இருக்கவேணும்” என்றார் அண்ணை. முகத்தில் சிரிப்பு இல்லை. பிறகு சொன்னார்: “போன வருசம் பீல் பிராந்தியத்தைக் கலைக்கப்போறம் எண்டு அரசாங்கம் சொன்னது. மார்கழியிலை இல்லையெண்டு மாறினது. அந்த மனுசன்ரை பேரை வைச்சாலே அப்பிடித்தான் போலை.”

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவருடைய வீட்டுக்குப் போனேன். சாப்பாட்டு மேசையில் பழைய விதிக் கொப்பி திறந்திருந்தது. நாலாம் விதிக்குக் கீழே பென்சிலால் எழுதியிருந்தார்: கொன்றையடியில் பிறந்தவர், அவரை மணந்தவர், அவர்களின் பிள்ளைகள்.

“இந்த முறை கிருபன் கொண்டுவரத் தேவையில்லை. நான் கொண்டுவாறன்” என்றார். “மூண்டிலை ரெண்டு வேணும். தொண்ணூற்றாறு பேர் வந்தால் அறுபத்துநாலு. கிருபன்ரை நாப்பது கிடக்கு. எங்கட பக்கத்திலை இருபத்துநாலு பேரை நான் பிடிக்கவேணும்.”

“மிச்ச ஆக்கள்?”

“பொன்னம்பலம் ஐயாவின்ரை ஆக்கள். அவை விடமாட்டினம். என்னையும் விடமாட்டினம்.”

பொதுக்கூட்டத்தில் முதலில் விதி மாற்றம், பிறகு தலைவர் தெரிவு. நிகழ்ச்சி நிரலை எழுதுவது தலைவர். எனக்கு ஒரு யோசனை ஓடியது. படித்த மூளைதானே.

“அண்ணை, தெரிவை முதல் வையுங்கோ. ஐம்பத்தாறு கையும் உங்களுக்குத்தான் தூக்கும். தலைவரா வந்தாப் பேந்து விதியை எடுங்கோ. அப்ப ஒருத்தரும் ஒண்டும் செய்யேலாது.”

சந்திரவதனா அக்கா ரீ கொண்டுவந்தவர் அப்படியே நின்றார். அவருக்கும் அது நல்ல யோசனையாகத்தான் பட்டது. அண்ணை கொப்பியை மூடினார்.

“உவர் பீல் கத்தோலிக்க விசயத்திலை மாறேக்கை என்ன செய்தவர்? அவரைத் தெரிவு செய்த ஆக்களிட்டைப் போனவரோ?”

அதை நான் சொல்லாமல் விட்டிருந்தேன். “போனவர் அண்ணை. ஒக்ஸ்போர்ட் பல்கலைக்கழகத்தின்ரை உறுப்பினராத்தான் பாராளுமன்றத்திலை இருந்தவர். கத்தோலிக்கருக்கு எதிரா நிக்கிறன் எண்டதாலைதான் உங்கட வோட் கிடைச்சது, இப்ப மாறிட்டன், திரும்பக் கேட்டுப் பாக்கிறன் எண்டு அந்த இடத்தை விட்டுட்டுத் திரும்ப அங்கையே போட்டியிட்டவர்.”

“வெண்டவரோ?”

“தோத்தவர். பேந்து வேறை ஒரு சின்னத் தொகுதியாலை உள்ளை வந்துதான் சட்டத்தைக் கொண்டுவந்தவர்.”

“பாத்தீரோ” என்றார் அண்ணை, வென்றதைச் சொன்ன மாதிரி. “நாலாம் விதியைக் காப்பாத்துவன் எண்டுதான் பதினாறு வருசமாக் கை தூக்கினவை. அந்தக் கையை வாங்கி வைச்சுக்கொண்டு பேந்து விதியை மாத்தினால் அது களவு. விதி முதல். தெரிவு பேந்து.”

சந்திரவதனா அக்கா ரீயை மேசையில் வைத்தார். “அந்த மணி இல்லாட்டி ஞாயிற்றுக்கிழமையிலை என்ன செய்வியள்?”

“வீட்டிலை இருப்பன்.”

“அதைத்தான் யோசிக்கிறன்” என்றார் அக்கா.

அக்காவுக்கும் எனக்கும் தெரிந்திருந்தது. அந்தத் ‘தலைவர்’ என்ற சொல்லை அவர் எவ்வளவு ஆசையோடு வைத்திருந்தார் என்பதும், அதை இப்போது கொண்டுபோய் எந்த மேசையில் வைக்கப்போகிறார் என்பதும்.

ஆவணியும் புரட்டாதியும் அவர் வீடு வீடாகப் போனார். சிஃப்ற் முடிந்து நேரே ஸ்காபரோ, மார்க்கம், ஏஜாக்ஸ். பல நாள் நானும் போனேன். சிலர் ரீ தந்தார்கள். சிலர் ரீ மட்டும் தந்தார்கள்.

ஐப்பசி முதல் ஞாயிறு, ஸ்காபரோவில் ஒரு பார்ட்டி ஹோல். தொண்ணூற்றாறு உறுப்பினர்கள் கதிரைகளில். விருந்தினர்கள் பின்சுவரோடு, வழமைபோல. புஸ்பராணி அக்கா குசினி வாசலில் ரோல்ஸ் சூடாக்கிக்கொண்டு நின்றார். அகவணக்கம் முடிந்ததும் அண்ணை மணியை அடித்தார்.

“நாலாம் விதியை மாத்தவேணும் எண்டு நான் முன்மொழியிறன்” என்றார்.

ஹோலில் யாரோ இருமினார்கள். கிருபன் எழும்ப ஆயத்தமாகப் பாதியில் நின்றுகொண்டிருந்தார், கையில் அவருடைய பதினாறாவது தாளோ பதினேழாவது தாளோ. அப்படியே அமர்ந்தார்.

பொன்னம்பலம் ஐயாதான் முதலில் பேசினார். “ஜெயரட்ணம், போன வருசம் உதே இடத்திலை நிண்டு என்ன சொன்னனீர்? கேற் உடைஞ்சால் வளவு இல்லையெண்டு சொன்னது ஆர்? நானோ?”

“நான்தான் ஐயா.”

“அதுக்கு முந்தின வருசம்?”

“அதுவும் நான்தான்.”

“அப்ப எப்ப பிழை? அப்பவோ, இப்பவோ?”

“அப்ப” என்றார் அண்ணை. “பதினாறு வருசமும் எண்டு சொல்லமாட்டன். ஆனா கன வருசம். ஒரு கேள்வி கேட்டவை, எனக்குப் பதில் தெரியேல்லை. ஐயா, ஆடி மாதம் எத்தினை கோப்பை கூழ் குடிச்சனீங்கள்?”

“உதுக்கும் இதுக்கும் என்ன?”

“மூண்டு” என்று பின்னால் இருந்து யாரோ சொன்னார்கள். சிரிப்பு எழும்பியது. ஐயாவும் சிரித்துவிட்டார், பிறகு அதற்காகவே கூடக் கோபப்பட்டார்.

“அதைக் காய்ச்சின கைக்கு இந்த ஹோலிலை உயர உரிமை இல்லை” என்றார் அண்ணை. “அந்தப் பிள்ளை செத்தால் எங்கட வளையம் போகாது. நான் எழுதின விதி. நான்தான் எழுதினனான், அதாலை நானே எடுக்கிறன். பிறகு நீங்கள் என்னை என்ன செய்தாலும் செய்யுங்கோ. தெரிவு இதுக்குப் பிறகுதான் இருக்கு. வேணுமெண்டுதான் அப்பிடி வைச்சனான்.”

கிருபன் எழும்பி வழிமொழிந்தார். “ஜெயரட்ணம் அண்ணையை வழிமொழியிற நாள் வருமெண்டு நான் நினைக்கேல்லை” என்று மட்டும் சொன்னார்.

கைகள் உயர்ந்தன. இரண்டு பேர் எண்ணினார்கள். நான் என் கையை உயர்த்திக்கொண்டு நானும் எண்ணினேன். அறுபத்தாறு. எதிராக முப்பது. பின்சுவரில் ஒரு குழந்தை கைதட்ட, அதன் தாய் கையைப் பிடித்து நிறுத்தினாள். பிறகு அவளே தட்டினாள். புஸ்பராணி அக்கா ரோல்ஸ் தட்டோடு குசினி வாசலிலேயே நின்றார். அடுப்பில் இருந்த மற்றத் தட்டு கருகத் தொடங்கியது. “அக்கா, ரோல்ஸ்” என்று யாரோ கத்திய பிறகுதான் உள்ளே ஓடினார்.

அடுத்தது தலைவர் தெரிவு. கிருபனும் அண்ணையும்.

கிருபனுக்கு உயர்ந்த கைகளைப் பார்த்து முதலில் கிருபனே பயந்துபோனார். அவருடைய நாற்பது பேரும் உயர்த்தினார்கள். விதி மாற்றத்துக்காக அண்ணையோடு நின்றவர்கள்தான், ஆனால் தலைவர் என்றால் கிருபன். அதோடு பொன்னம்பலம் ஐயா உயர்த்தினார். அவருக்குப் பின்னால் இருபத்தொன்பது கைகள். கிருபனை ஒருநாளும் பிடிக்காத முப்பது பேர். எழுபது. அண்ணைக்கு இருபத்தைந்து, அதில் என்னுடையதும் ஒன்று. உயராத ஒரு கை அண்ணையுடையது. தனக்குத் தானே உயர்த்துவது வெட்கம் என்று மேசையில் வைத்துக்கொண்டிருந்தார்.

பொன்னம்பலம் ஐயா என்னைக் கடந்து போகும்போது சொன்னார்: “கிருபன் வாறது எனக்கு விருப்பமில்லை. ஆனா இவர் இருக்கிறது அதைவிட விருப்பமில்லை.”

அண்ணை எழும்பி மணியைக் கிருபனிடம் கொடுத்தார். கிருபன் அதை வாங்கி, என்ன செய்வதென்று தெரியாமல், மூன்று நாலு தரம் கிலுக்கினார்.

“உப்பிடி இல்லை” என்றார் அண்ணை. “ஒருக்காத்தான். பேந்து பொறுக்கிறது. சனம் தானா அடங்கும்.”

“அண்ணை, கோவமோ?” என்று கிருபன் மெல்லக் கேட்டார்.

“உனக்கு வோட் போட்டவையிலை முப்பது பேர் உன்ரை ஆக்கள் இல்லை. அதை மட்டும் ஞாபகம் வைச்சுக்கொள்.”

திரும்பி வரும்போது நானூற்றியொன்று ஹைவேயில் ஒரே நெரிசல். சந்திரவதனா அக்கா முன்னால், நான் பின்னால், மடியில் கருகின ரோல்ஸ் பெட்டி. கருகினது எங்களுக்குத்தான் என்று புஸ்பராணி அக்கா திணித்துவிட்டிருந்தார். அண்ணை ஒரு ரோல்ஸை எடுத்துக் கடித்துக்கொண்டு, நெரிசலில் நின்ற கார்களைப் பார்த்தார்.

“பதவி போனாப் பிறகு உவர் பீல் ஏதும் சொன்னவரோ?”

“சொன்னவர். என்னைத் திட்டுறவை திட்டட்டும், வேர்வை சிந்தி உழைக்கிறவன் வரியில்லாத பாணைச் சாப்பிடேக்கை என்ரை பேரை நல்லபடியா நினைச்சால் காணும் எண்ட மாதிரி.”

அண்ணை யோசித்தார். “அது பெரிய ஆசை. நாடு முழுக்கப் பாண். எனக்கு அவ்வளவு வேண்டாம்.”

“அப்ப என்ன வேணும்?” என்று கேட்டார் அக்கா.

“பேந்து சொல்லுறன்.”

அதைச் சொல்லாமலே செய்தார். அடுத்த ஆடியில், அதே பார்க்கில், முதல் மேசையில் கிருபன் இருந்தார். மணியை ஒருமுறை அடித்துவிட்டுப் பொறுத்துக்கொண்டிருந்தார். சனம் அடங்கியது. அண்ணை அடுப்படியில் நின்றார், காற்சட்டையை முழங்காலுக்கு மடித்துவிட்டு, கையில் உலக்கைத் துண்டு மாதிரி ஒரு தடியோடு. முன்னால் ஒரு பெட்டி நண்டு.

“பதினாறு வருசமா என்னை இஞ்சை விடேல்லை” என்று என்னிடம் சொன்னார். “தலைவர் நண்டு உடைக்கிறதோ எண்டு. இப்ப கேக்க ஆளில்லை.”

“தலைவர், அந்தக் கால் சரியா உடையல்ல. இன்னொருக்கா தட்டுங்க” என்றார் புஸ்பராணி அக்கா. பழக்க தோஷத்தில் இன்னும் ‘தலைவர்’ என்றுதான் கூப்பிடுகிறார். அவருடைய கழுத்தில் ஒன்றியத்தின் அட்டை தொங்கியது. உறுப்பினர் என்றும் ஒரு இலக்கமும். இதுவரை விருந்தினராக இருந்த என் மனைவி துவாரகாவின் கழுத்திலும் ஒன்று. அட்சயா தன்னுடையதைக் காதில் மாட்டிக்கொண்டு படம் எடுத்தாள்.

அண்ணை இன்னொருக்காத் தட்டினார். ஓடு பிளந்து சதை தெரிந்தது. பொன்னம்பலம் ஐயா கோப்பையோடு வரிசையில் நின்றார். இந்த ஒன்றுகூடலுக்கு வரமாட்டேன் என்று பத்து மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தவர்.

“ஜெயரட்ணம், கதைச்சது காணும். கெதியா உடையும்” என்றார்.

“பொறுங்கோ ஐயா. மூண்டு கோப்பைக்கு நண்டு வேணுமெல்லோ.”

ஐயா வரிசையை விட்டுப் போகவில்லை. புஸ்பராணி அக்கா கூழை ஒரு கிண்ணத்தில் விட்டு அண்ணையிடம் நீட்டினார். “உப்புப் பாத்துச் சொல்லுங்க, மறுகாத்தான் மற்ற ஆக்களுக்கு.” இந்த முறை யாரும் சிரிக்கவில்லை. அண்ணை நண்டுக் கையை ஓரமாகத் துடைத்துக்கொண்டு வாங்கி, ஊதி, ஒரு வாய் குடித்தார்.

“காணும்” என்றார். “உப்பும் காணும்.”